அறிதிறன் முதற்கட்டச் சோதனை

நினைவு, கவனம், மொழி, இடம், காலம் பற்றிய தெளிவு ஆகியவற்றைச் சில நிமிடங்களில் அளந்து, டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கான விரிவான ஆய்வு யாருக்குத் தேவை என்று பிரித்துக்காட்டும் கருவி இது. நோயை உறுதிசெய்வது இதன் பணியன்று. 1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மெக்ஹியூவும் வெளியிட்ட எம்.எம்.எஸ்.இ. சோதனையில் 30 மதிப்பெண்ணுக்கு 24க்குக் கீழே பெறுவது பொதுவாக ஐயத்திற்குரியதாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் தொடக்கநிலைக் குறைபாடு அதில் எளிதில் தப்பிவிடுவதால், மாண்ட்ரியாலில் நஸ்ரெத்தீன் குழுவினர் 2005இல் மோக்கா சோதனையை வெளியிட்டனர். அவர்களது ஆய்வில், குறைபாடு உள்ளவரைத் தவறவிடாமல் கண்டறியும் விகிதமாகிய உணர்திறன், லேசான அறிதிறன் குறைபாட்டைப் பொறுத்தவரை மோக்காவுக்கு 90 விழுக்காடாகவும் எம்.எம்.எஸ்.இ.க்கு 18 விழுக்காடாகவும் இருந்தது. நலமானவரை நலமானவரென்றே காட்டும் தனித்திறனோ முறையே 87, 100 விழுக்காடு.

இவ்விரு அளவுகளையும்விட முதன்மையான கேள்வி, சோதனை யாரை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது என்பதே. எழுதப் படிக்கத் தெரியாத முதியவரிடம் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வது அவரது மூளையை அன்று, அவருக்குக் கிட்டாத பள்ளிப்படிப்பையே அளக்கிறது. அரியானாவின் பல்லப்கரில் கிராம முதியோருக்காக உருவாக்கப்பட்டு 1995இல் வெளியான எம்.எம்.எஸ்.இ.யின் இந்தி வடிவம், எழுத்தறிவு தேவைப்படும் இத்தகைய வினாக்களை மாற்றி, எழுதுவதற்குப் பதிலாகத் தம் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுமாறு கேட்டது.