குற்றப் பதிவேட்டிலிருந்து நீங்குதல்

1952 ஆகஸ்ட் 31 அன்று இந்தியாவில் பல லட்சம் மக்கள்மீதிருந்த குற்றப் பட்டம் ஒரே நாளில் நீங்கிற்று. அப்பட்டம் எந்த நீதிமன்றமும் விசாரித்து அளித்ததன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டப்படி, ஒரு குழுவை அரசு தன் அறிவிக்கையில் சேர்த்துவிட்டால் போதும். அந்த அறிவிக்கை செல்லுமா என்று கேட்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கே மறுக்கப்பட்டிருந்தது. செய்த குற்றத்துக்காவது மேல்முறையீடு உண்டு. பிறந்த குற்றத்துக்கு அதுவும் இல்லை. பதிவேட்டில் பெயர் ஏறியவர் அனுமதிச் சீட்டின்றி எல்லை தாண்டினால் அதுவே தண்டனைக்குரியதாயிற்று.

அனந்தசயனம் ஐயங்கார் குழுவின் பரிந்துரைக்குப் பின் நாடாளுமன்றம் இச்சட்டத்தை நீக்கியது. ஆனால் பதிவேடு சாகவில்லை. வழக்கக் குற்றவாளிகள் சட்டம் என்னும் பெயரில் மாகாணங்கள் அதற்கு மறுவாழ்வு அளித்தன. சென்னை 1948இலேயே முந்திக்கொண்டது. இவை சாதியைப் பாராமல் தனிமனிதரின் தண்டனைகளையே கணக்கிடுபவை என்பது ஏட்டளவில் உண்மை. காவல் நிலையத்தின் கண்ணோ பழைய குடியிருப்புகளைவிட்டு அகலவில்லை. இச்சட்டங்களை நீக்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2000இல் பரிந்துரைத்தது.

குற்றப் பதிவை அழிக்கும் பொதுச்சட்டம் இந்தியாவில் இன்றும் இல்லை, திட்டிவாசல்களே உண்டு. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், அதன்கீழ் விடுவிக்கப்பட்டவரின் தகுதியிழப்பை நீக்கும், தீர்ப்பை அழிக்காது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் மட்டும், 16 வயது நிரம்பியோரின் சில கொடுங்குற்ற வழக்குகள் நீங்கலாக, பதிவையே அழிக்கச் சொல்கிறது.

சிறைக் கைதிகளின் பதிவேட்டிலிருந்த சாதிப் பத்தியை நீக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2024 அக்டோபரில்தான்.