நாளை என்ன நடக்கும்? நான் யார்? – ராசிபலனும் திருவண்ணாமலையும்

காலையில் காபி டம்ளரோடு பேப்பரைப் பிரித்ததும் தலைப்புச் செய்திக்கு முன்பே ராசிபலனுக்குப் போகிறவர்கள் நிறைய உண்டு. "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லைப்பா, சும்மா பார்ப்பேன்" என்று சொல்பவர்களும் அதில் அடக்கம். இப்போது இன்னொரு வகையினர் சேர்ந்திருக்கிறார்கள். தினமும் ஒரு டாரட் சீட்டை எடுத்து, அதில் உள்ள படத்தைப் பார்த்து, தங்கள் மனதில் தோன்றியதை நோட்டில் எழுதி வைக்கிறார்கள். "எதிர்காலம் தெரிந்துகொள்ள அல்ல, என்னைத் தெரிந்துகொள்ள" என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

பலன் பார்க்கிற பழக்கம் மிகப் பழையது. ஆனால் பலனைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு தன்னைப் பார்ப்பது அவ்வளவு பழையதா? உண்மையிலேயே அது கண்ணாடிதானா? இந்தக் கேள்விக்குத் திருவண்ணாமலையின் வரலாற்றில் ஒரு சுவாரஸ்யமான விடை இருக்கிறது. எதிர்காலத்தைப் பற்றிய கேள்வி, தன்னைப் பற்றிய கேள்வி என்ற இரண்டையும் ஒரே மனிதர் தாளில் எழுதிக் கேட்ட கதை அது. அதற்கு முன் கொஞ்சம் பின்னணி.

பஞ்சாங்கம், கயிறு, கிளி

நம் ஊரில் தினப்பலனுக்கு மூலம் பஞ்சாங்கம். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்து உறுப்புகள் இருப்பதால்தான் அந்தப் பெயர். இது பெரும்பாலும் "எப்போது செய்யலாம்" என்ற கேள்விக்கானது. விதைக்க, வீடு குடிபுக, தாலி கட்ட நல்ல நேரம் எது என்று பார்ப்பார்கள்.

"செய்யலாமா, வேண்டாமா" என்ற கேள்விக்கு வேறு வழிகள் இருந்தன. கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பது ஒன்று. திருமுறையில் கயிறு சாத்திப் பார்ப்பது இன்னொன்று. ஓலைச் சுவடிக்குள் கயிற்றை நுழைத்து, அது விழுந்த ஏட்டில் என்ன பதிகம் இருக்கிறதோ அதையே பதிலாக எடுத்துக்கொள்வது. 13-ம் நூற்றாண்டில் பெண்ணாகடத்தைச் சேர்ந்த அச்சுத களப்பாளர் பிள்ளை இல்லாத குறைக்காக இப்படிக் கயிறு சாத்திப் பார்த்தார் என்றும், அதில் திருவெண்காட்டைப் பற்றிய சம்பந்தர் பதிகம் வந்தது என்றும், பிறகு பிறந்த பிள்ளைதான் சிவஞான போதம் எழுதிய மெய்கண்டார் என்றும் சைவ மரபு சொல்கிறது.

தெருவில் இருந்தது கிளி ஜோசியம். கூண்டிலிருந்து வெளியே வரும் கிளி, சாமி படம் போட்ட சீட்டு ஒன்றைக் கொத்தி எடுக்கும். ஜோசியர் அந்தப் படத்துக்குக் கதை சொல்லி, கதையை வந்தவரின் கஷ்டத்தோடு இணைப்பார். யோசித்துப் பார்த்தால் டாரட்டும் இதுதான். கிளி மட்டும் இல்லை! (1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வைப்பது குற்றம் என்பதால், கிளி ஜோசியரும் இன்று குறைந்துவிட்டார்.)

டாரட் எங்கிருந்து வந்தது?

டாரட் சீட்டுகள் 15-ம் நூற்றாண்டில் வடக்கு இத்தாலியில் தோன்றியவை. தோன்றியபோது அவை ஜோசியத்துக்கானவை அல்ல, சாதாரண சீட்டாட்டத்துக்கானவை. 1781-ல் கூர் து ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர், இவை பண்டைய எகிப்தியரின் ரகசிய ஞானம் என்று எழுதினார். எகிப்திய எழுத்துகளை யாராலும் படிக்க முடியாத காலம் அது. அந்த எழுத்துகளைச் சாம்போலியன் படித்துக் காட்டியதே 1822-ல்தான். படிக்க முடிந்த பிறகும் எகிப்தில் டாரட்டுக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. ஆனால் கதை நிலைத்துவிட்டது. இன்று உலகம் முழுவதும் அதிகம் பயன்படும் 78 சீட்டுக் கட்டு 1909-ல் லண்டனில் வெளியானது. ஏ.இ. வெய்ட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் வரைந்தார்.

ஆங்கிலப் பத்திரிகைகளின் ராசிபலனுக்கும் வயது அதிகமில்லை. 1930 ஆகஸ்டில் இளவரசி மார்கரெட் பிறந்தபோது, லண்டன் சண்டே எக்ஸ்பிரஸ் பத்திரிகை ஆர்.எச். நெய்லர் என்ற ஜோசியரிடம் குழந்தைக்குப் பலன் எழுதச் சொன்னது. வாசகர்கள் விரும்பியதால் அது தொடர் பகுதியானது. சில வருடங்களில் 12 ராசிக்கும் பலன் என்ற வடிவம் உருவாகிவிட்டது.

பலன் கண்ணாடி ஆனது

இதுவரை சொன்ன எல்லாமே வெளியே நடக்கப் போவதைப் பற்றியவை. கேள்வியை உள்ளே திருப்பியவர்கள் 20-ம் நூற்றாண்டில் வந்தார்கள். டேன் ருட்யார் 1936-ல் எழுதிய நூலில், ஜாதகத்தை ஒருவரின் குணத்தையும் வளர்ச்சியையும் புரிந்துகொள்ளும் வரைபடமாகப் பார்த்தார். மேரி கிரீர் 1984-ல் வெளியிட்ட புத்தகம், டாரட்டைத் தனக்குத்தானே போட்டுப் பார்த்து எழுதி வைக்கும் பயிற்சி நோட்டாகவே அமைந்தது.

இந்தப் போக்குக்கு அடித்தளம் போட்டவர் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங். தற்செயலாக வரும் ஒரு குறி, பார்ப்பவரின் உள்மனதை வெளியே கொண்டுவரும் என்பது அவர் சிந்தனையின் ஒரு பகுதி. சீனர்களின் குறிநூலான ஐ சிங்கின் மொழிபெயர்ப்புக்கு அவர் முன்னுரையும் எழுதினார்.

இந்த யுங்குக்கும் திருவண்ணாமலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1937-38-ல் அவர் இந்தியா வந்தார். ஆனால் ரமண மகரிஷியைப் பார்க்கவில்லை. ஊர் திரும்பியதும் அவருடைய நண்பர், இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிஷ் சிம்மர், முதலில் கேட்டதே ரமணரைப் பற்றித்தானாம். சிம்மர் ஒருமுறைகூட இந்தியா வராதவர். ஆனாலும் ரமணரைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். 1943-ல் அவர் இறந்துவிட, 1944-ல் யுங் அதைத் தன் முன்னுரையோடு சூரிச்சில் வெளியிட்டார். திருவண்ணாமலையைக் கண்ணால் பார்க்காத இரண்டு பேர் சேர்ந்து திருவண்ணாமலையைப் பற்றிக் கொண்டுவந்த புத்தகம்!

இரண்டு கேள்வித்தாள்கள்

இனி அந்த மனிதரின் கதை. பெயர் சிவப்பிரகாசம் பிள்ளை. தத்துவம் படித்துப் பட்டம் பெற்று, தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். 1902-ல் அலுவல் காரணமாகத் திருவண்ணாமலை வந்தவர், மலைமேல் விரூபாட்ச குகையில் ஓர் இளம் சுவாமி இருப்பதைக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனார். ரமணருக்கு அப்போது 22 வயது. மௌனமாக இருந்த காலம். பிள்ளை கேட்ட முதல் கேள்வியே "நான் யார்?" என்பதுதான். அடுத்தடுத்த கேள்விகளுக்கும் ரமணர் சைகையாலும், மணலிலும் பலகையிலும் எழுதியும் பதில் தந்தார். அந்தப் பதில்களைப் பிள்ளை பத்திரப்படுத்தி வைத்திருந்தார். 1923-ல் அவை 'நான் யார்?' என்ற சிறு நூலாக அச்சேறின.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அழகான கதை. ஆனால் முடியவில்லை. 1910-ல் பிள்ளை அரசு வேலையை விட்டார். 1913-ல் மனைவி இறந்துவிட்டார். மறுமணம் செய்துகொள்வதா, வேண்டாமா என்ற குழப்பம் வந்தது. "நான் யார்" என்று கேட்ட அதே மனிதர் இப்போது ஒரு தாளில் நான்கு கேள்விகள் எழுதினார். கவலைகளிலிருந்து விடுபட என்ன செய்வது? மனதில் நினைத்திருக்கும் பெண்ணோடு கல்யாணம் நடக்குமா? நடக்காது என்றால் ஏன்? நடக்கும் என்றால் பணத்துக்கு எங்கே போவது?

அந்தத் தாளைச் சிறு வயது முதல் வணங்கி வந்த பிள்ளையார் முன்பு வைத்து, இரவு முழுவதும் விழித்திருந்தார். தாளில் பதில் எழுதப்பட வேண்டும், இல்லையென்றால் ஏதாவது ஒரு குறி தெரிய வேண்டும் என்பது வேண்டுதல். விடிந்தது. தாளில் ஒன்றும் இல்லை.

வேறு வழியில்லாமல் ரமணரிடம் போனார். ஆனால் அவர் முன்னால் உட்கார்ந்ததும் இந்தக் கேள்விகளைக் கேட்க வாய் வரவில்லை. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று நாட்கள் போயின. பெண்ணையும் பணத்தையும் பற்றிய எண்ணமே இல்லாமல் இருக்கும் ஒருவரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததில், கேள்வியே மெல்ல மெல்ல உதிர ஆரம்பித்தது. கடைசியில் கேட்காமலேயே ஊர் திரும்ப முடிவு செய்தார். மே 4-ம் தேதி, கிளம்பும் நாளில், ரமணரைச் சுற்றி ஒளிவட்டம் போன்ற காட்சி கண்டதாக அவர் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். அதன்பின் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அந்தக் காட்சியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கவனிக்க வேண்டியது வேறு. ரமணர் அந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்லவே இல்லை. பிள்ளைக்கு உதவியது கேள்வியோடு உட்கார்ந்திருந்த அந்த நாட்கள்தான்.

விதியை நம்பியவரா ரமணர்?

ரமணர் விதியை மறுத்ததால் பதில் சொல்லவில்லை என்று நினைத்தால் அது தவறு. 1898 டிசம்பரில் தாய் அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்குத் திரும்பும்படி அழுது கேட்டபோது, அவர் எழுதிக் காட்டிய குறிப்பு விதியைப் பற்றியதுதான். அவரவர் பிராரப்தப்படி நடக்க வேண்டியது நடந்தே தீரும், நடக்கக் கூடாதது என்ன முயன்றாலும் நடக்காது, ஆகவே சும்மா இருப்பதே மேல் என்பது அதன் சாரம். இதைப் படித்தால் எந்த ஜோசியரும் சந்தோஷப்படுவார்.

பல வருடங்களுக்குப் பிறகு வழக்கறிஞர் தேவராஜ முதலியார், ஒரு விசிறியை இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பதுகூடவா விதிக்கப்பட்டது என்று கேட்டார். அதற்கும் ஆம் என்றே ரமணர் சொன்னார். ஆனால் கூடவே ஒன்று சொன்னார்: உடல் அனுபவிப்பதையெல்லாம் "நான் அனுபவிக்கிறேன்" என்று எடுத்துக்கொள்வதா, வேண்டாமா என்பதில் மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு. 1928-ல் எழுதிய உள்ளது நாற்பதில் இன்னும் ஒரு படி போகிறார். விதி வெல்லுமா, மதி வெல்லுமா என்ற வாதமே இரண்டுக்கும் வேரான தன்னை அறியாதவர்களுக்குத்தான் என்கிறார். பலன் யாருக்கு என்று பார்க்கச் சொல்கிறாரே தவிர, பலன் உண்டா இல்லையா என்று சண்டை போடவில்லை.

மலையைச் சுற்றி 12 ராசி

அதே ஊரில் ராசியும் கிரகமும் இல்லாமல் இல்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன் பெயர்களில் எட்டு லிங்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் கிரகமும் ராசியும் சொல்லும் வழக்கம் இருக்கிறது. வருண லிங்கம் சனிக்கு உரியது, மகர, கும்ப ராசிக்காரர்கள் வழிபட வேண்டியது என்பார்கள். குபேர லிங்கம் குருவுக்கு உரியது, தனுசு, மீன ராசிக்கு என்பார்கள். ஆகப் பௌர்ணமி இரவில் மலை சுற்றுகிறவர், ஒருவகையில் ஒரு ராசிச் சக்கரத்தையே காலால் சுற்றி வருகிறார். அக்னி லிங்கத்துக்கும் எம லிங்கத்துக்கும் இடையில், அதே சாலையில்தான் ரமணாசிரமமும் இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தன் ராசிக்குரிய லிங்கத்தை மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் அது கிரிவலம் ஆகாது. மற்றவர்களின் ராசிகளையும் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும்.

கண்ணாடியில் யார் முகம்?

தினப்பலன் நம்மை நமக்குக் காட்டுகிறதா? 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு "தனிப்பட்ட" குணவிவரம் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே விவரம். அதில் பெரும்பகுதி கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது!

நம் நாட்டிலும் ஒரு சோதனை நடந்தது. 2008-ல் விண்ணியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் குழுவினர், நன்றாகப் படிக்கும் குழந்தைகளின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் ஜாதகங்களையும் கலந்து, 27 ஜோசியர்களுக்கு ஆளுக்கு 40 வீதம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். சரியாக வந்தது சராசரியாக 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட 50 வந்திருக்கும்.

அப்படியானால் தினமும் சீட்டு எடுத்து எழுதுகிறவர் ஏமாறுகிறாரா? அவசியம் இல்லை. சீட்டுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சீட்டைப் பார்த்ததும் தனக்கு ஏன் பயம் வந்தது, எந்த வரியைப் படித்ததும் மனம் குளிர்ந்தது என்று கவனிப்பவர் தன்னைப் பற்றி ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்கிறார். பொதுவான வார்த்தைகள் எல்லோருக்கும் பொருந்தும் என்றாலும், அதில் தனக்கு எது உறுத்தியது என்பது அவருக்கு மட்டுமே உரியது.

ஆபத்து அடுத்த அடியில் இருக்கிறது. இன்று சண்டை வரும் என்று படித்துவிட்டு வீட்டில் எல்லோரையும் சந்தேகமாகப் பார்ப்பவருக்கு அது கண்ணாடி அல்ல, கட்டளை. அடுத்தவர் வாழ்க்கையை முடிவு செய்யும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். செவ்வாய் தோஷம் என்ற ஒரு வார்த்தையால் கல்யாணம் தள்ளிப்போன பெண்கள் எத்தனை பேர்! அந்தப் பெண்ணின் ஜாதகத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை.

சிவப்பிரகாசம் பிள்ளையின் இரண்டு தாள்களில் 1902-ம் ஆண்டுத் தாள் இன்று பல மொழிகளில் புத்தகமாக இருக்கிறது. 1913-ம் ஆண்டுத் தாளுக்கு யாரும் பதில் எழுதவில்லை. ஆனால் அந்த இரண்டாவது தாளும் வீண் இல்லை. தான் எதை நினைத்துத் தவிக்கிறோம் என்பதை நான்கு வரியில் ஒளிவுமறைவில்லாமல் எழுதிப் பார்க்க அது உதவியது. ராசிபலனும் டாரட்டும் ஒருவருக்கு அந்த அளவு உதவினால், அதற்கு மேல் அவற்றிடம் எதையும் எதிர்பார்க்கத் தேவையில்லை.