குவேக்கர்

பாரோய் ஊர் மளிகைக் கடையில் ‘குவேக்கர்’ என்றால் ஓட்ஸ்தான். டின்னில் சிரிக்கும் தொப்பிக்காரர் 1877-இல் அமெரிக்காவில் பதிவான வணிக முத்திரையின் வழிவந்தவர். குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவினருக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

சொல் பிறந்தது ஏச்சாக. ஆங்கிலத்தில் ‘குவேக்’ என்றால் நடுங்குதல். 1650-இல் இங்கிலாந்தின் டெர்பி நகரில் தெய்வநிந்தனைக் குற்றச்சாட்டில் நிறுத்தப்பட்ட, அந்தப் பிரிவின் நிறுவனர் ஜார்ஜ் ஃபாக்ஸ், ஆண்டவர் வாக்குக்கு நடுங்குங்கள் என்று விசாரித்தவர்களுக்கே புத்தி சொன்னார். பென்னட் என்ற நீதிபதி ‘நடுங்கிகள்’ என்று திருப்பிக் கேலி செய்தாராம். ஃபாக்ஸே எழுதிவைத்த கதை இது. தங்களை ‘நண்பர்கள்’ என்று சொல்லிக்கொண்ட அவர் கூட்டத்தார் மேல் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

குருமார் வேண்டாம், தண்ணீர் ஞானஸ்நானம் வேண்டாம், சத்தியப் பிரமாணம் வேண்டாம், ஒவ்வொருவருக்குள்ளும் ஒளி உண்டு என்றால் சும்மா விடுவார்களா? கண்டன நூல்கள் குவிந்தன. குவேக்கரான ராபர்ட் பார்க்ளே 1676-இல் லத்தீனில் விடையளித்தார். 1678 ஆங்கிலப் பதிப்பின் தலைப்பிலேயே அந்த ஏச்சுப் பெயரையும் ஏற்றினார்! நூலை ‘அப்பாலஜி’ என்பார்கள். மன்னிப்பு அல்ல, கிரேக்க வழியில், தன் தரப்பு வாதம்.

நம்மிடம் இதற்கு நெருங்கிய சொல், ஆறுமுக நாவலரின் ‘சைவ தூஷண பரிகாரம்’ (1854) தலைப்பில் இருக்கிறது. அங்கே பரிகாரம் என்பது பழியைப் போக்கும் மறுப்பு. பாரோயில் இன்று பரிகாரம் என்றால் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு.