புகைக்கு வழி விட்ட கதை

 

போன குளிர்காலத்தில் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் மகள் வீட்டில் இருந்தேன். ஹாலில் புதிதாக விறகுக் கணப்படுப்பு ஒன்றை வாங்கிப் பொருத்தினார்கள். முதல் இரவு மூட்டிய சிறிது நேரத்தில் அறைக்குள் புகை திரும்பியது. சுவரிலிருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. பேத்தியைப் போர்வையோடு வாரிக்கொண்டு எல்லோரும் பனியில் போய் நின்றோம்.

மறுநாள் அனுபவமுள்ள வேறொருவர் வந்து பார்த்தார். அடுப்பில் குறை ஏதுமில்லை. அடுப்பிலிருந்து சுவருக்குப் போகும் குழாய், மேல்நோக்கி ஏறுவதற்குப் பதில் லேசாகக் கீழே சரிந்திருந்தது. "அடிக்குக் கால் அங்குலமாவது ஏற வேண்டும்" என்றார்.

முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் நான். அவர் சொன்னதும் பெஞ்சமின் பிராங்க்ளின்தான் நினைவுக்கு வந்தார். காரணம், இதே பென்சில்வேனியாவில் இதே தவறை அவரும் செய்திருக்கிறார்!

அந்தக் காலத்து வீடுகளில் சுவரில் திறந்த கணப்புதான். சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியே போய்விடும். விறகோ அருகில் கிடைக்காமல், தொலைவிலிருந்து வர ஆரம்பித்திருந்தது. 1740களின் தொடக்கத்தில் பிராங்க்ளின் ஓர் இரும்புக் கணப்பை உருவாக்கினார். 1744இல் அதை விளக்கி ஒரு சிறு நூலும் எழுதினார். ஆளுநர் தர முன்வந்த காப்புரிமையை, ஊருக்குப் பயன்படட்டும் என்று மறுத்துவிட்டார். பெரிய மனசு.

ஆனால் ஒரு சிக்கல். புகையிலுள்ள சூட்டையும் அறைக்கே வாங்கிவிட வேண்டும் என்பதற்காக, புகை ஓர் இரும்புப் பெட்டியின் மேலேறி, பின்புறமாகக் கீழிறங்கி, தரைக்கடியில் போய், பிறகே புகைபோக்கியில் ஏறும்படி அமைத்திருந்தார். சூடான புகை லேசானது, மேலேறத்தான் பார்க்கும். புகைபோக்கி நன்றாகச் சூடாகியிருந்தால்தான் அதன் இழுப்பில் கீழிறங்கி வரும். நெருப்பு தணிந்தாலோ இழுப்பு போய்விடும். புகை அறைக்குள் திரும்பிவிடும். பின்னாளில் பிலடெல்பியாவின் டேவிட் ரிட்டன்ஹவுஸ் அந்தச் சுற்றுவழியை எடுத்துவிட்டு, புகை நேராக மேலேறும்படி குழாய் வைத்தார். இன்று 'பிராங்க்ளின் அடுப்பு' என்று சொல்லப்படுபவற்றில் பல, பிராங்க்ளினின் அந்தச் சுற்றுவழி இல்லாதவைதான்.

பிராங்க்ளின் இதை விட்டுவிடவில்லை. 1785இல், எண்பதை நெருங்கும் வயதில், பிரான்சிலிருந்து கப்பலில் ஊர் திரும்பும்போது, புகைபோக்கிகள் ஏன் புகைகின்றன என்று நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அடுத்து வந்த ரம்ஃபோர்டு பிரபு, 1790களில் லண்டனில் புகைபோக்கியின் தொண்டையைச் சுமார் நான்கு அங்குலத்துக்குக் குறுக்கினார். புகை வேகமாக மேலேறியது.

சரியான வழி இருந்தும் அது அடைபட்டால்? 1902 செப்டம்பரில் பாரிஸில் எழுத்தாளர் எமிலி ஸோலா கணப்பு மூட்டிய படுக்கையறையில் தூங்கினார். புகைபோக்கி அடைபட்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு அவர் உயிரைக் குடித்தது, மனைவி பிழைத்துக்கொண்டார். யாராவது வேண்டுமென்றே அடைத்தார்களா என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. எங்கள் வீட்டில் புகை கண்ணுக்குத் தெரிந்தது, அலாரமும் இருந்தது. ஸோலாவுக்கு அந்த அலாரம் இல்லை.

வந்தவர் இன்னொன்றும் திருத்தினார். குழாய்த் துண்டுகளின் சிறுத்த முனை கீழே, அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டுமாம். புகை குளிர்ந்து படியும் தார், அப்போதுதான் இணைப்பில் கசிந்து வெளியே வழியாமல் உள்ளேயே ஓடி அடுப்புக்குத் திரும்பும். மேலே போவது புகை, கீழே வருவது தார். இரண்டுக்கும் வழி சொல்கிறது ஒரே குழாய். ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகாணி போட்டு முடித்தார்.

நமக்கென்ன கணப்படுப்பு என்று நினைக்காதீர்கள். கொடைக்கானல் குளிருக்கு மூடிய அறையில் கரியடுப்பு வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்தியை நாமும் படித்திருக்கிறோம். குளியலறை கேஸ் கெய்சரும் அப்படித்தான். நெருப்பை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போதே, புகை எங்கே போகும் என்றும் கேளுங்கள்.

அன்று மாலை மறுபடியும் மூட்டினோம். அலாரம் அமைதியாக இருந்தது. பேத்தி அதன் முன்னாலேயே தூங்கிவிட்டாள். நான் மட்டும் வெகுநேரம் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.