ஆந்திரப் பிரதேச வாக்காளரும் கட்சித் தலைமைப்பீடமும்

1978ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆந்திரப் பிரதேச மக்கள் தமது சட்டசபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்தனர். அதன் பின்னர் 1983 ஜனவரி வரையில் அச்சபைக்கெனப் பொதுத்தேர்தல் எதுவும் நடைபெறவில்லை. ஆயினும் அவ்வைந்தாண்டு காலத்துள் அம்மாநிலம் நான்கு முதலமைச்சர்களைக் கண்டது. மர்ரி சென்னா ரெட்டி, அஞ்சையா, பவனம் வெங்கடராமி ரெட்டி, கோட்ல விஜயபாஸ்கர ரெட்டி என்போரே அந்நால்வராவர். அனைவரும் ஒரே கட்சியினர். முதல் மூவரும் பதவி துறந்தபோது அவர்களுள் எவரும் சட்டசபையில் தோற்கடிக்கப்பட்டிருக்கவில்லை. அவர்களை ஏற்றியதும் இறக்கியதும் ஐதராபாத்திலிருந்த சபையன்று; டில்லியிலிருந்த கட்சி மேலிடமாகும். 2014இல் தெலுங்கானா பிரிந்து செல்வதற்கு முன்னிருந்த ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் வரலாற்றில், மக்கள் இம்முறைமைக்கு எவ்வாறு விடையிறுத்தனர் என்பதே ஈண்டு நோக்கப்படுகின்றது.

இந்திய அரசியலமைப்பின் 164ஆம் உறுப்புரையின்படி ஒரு மாநிலத்தின் அமைச்சரவை கூட்டாகச் சட்டசபைக்குப் பொறுப்புடையது. முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார். சபையின் நம்பிக்கை யாருக்கு உண்டோ அவரையே அவர் நியமித்தல் மரபு. கட்சி என்ற சொல்லுக்கு இவ்வேற்பாட்டில் இடமேயில்லை. ஆனால் நடைமுறையில் சபையின் நம்பிக்கை என்பது பெரும்பான்மைக் கட்சியின் நம்பிக்கையாகவும், கட்சியின் நம்பிக்கை என்பது அதன் தலைமைப்பீடத்தின் விருப்பமாகவும் சுருங்கிவிட்டது. இச்சுருக்கத்துக்கு வழிசெய்த கருவி மிக எளியது. சட்டசபைக் கட்சி கூடும். தலைவரைப் பெயர் குறிக்கும் அதிகாரத்தை அகில இந்தியத் தலைமையிடம் ஒப்படைப்பதாக ஒற்றை வரித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றும். டில்லியிலிருந்து வந்த பார்வையாளர் ஒரு பெயரை அறிவிப்பார். கைதட்டலுடன் கூட்டம் கலையும். தமது தொகுதி மக்களின் வாக்கினால் வந்த உறுப்பினர்கள், அவ்வாக்கின் முதற் பயனான தலைவர் தெரிவையே பிறர் கையில் கொடுத்துவிட்டு வீடு திரும்பினர்.

இந்நிலை ஒரு நாளில் தோன்றியதன்று. 1956 நவம்பர் 1இல் ஆந்திரப் பிரதேசம் உருவாகியபோது முதலமைச்சரான நீலம் சஞ்சீவ ரெட்டியும், 1964இல் அப்பதவிக்கு வந்த காசு பிரமானந்த ரெட்டியும் மாநிலத்துக்குள்ளேயே தமக்கெனச் செல்வாக்குத் தளம் உடையவர்கள். மாவட்ட அளவில் நிலவுடைமையாளர், கூட்டுறவுச் சங்கங்கள், பஞ்சாயத்து அமைப்புகள் ஆகியவற்றின் ஆதரவைத் திரட்டியே அவர்கள் ஆண்டனர். அவ்வாதரவில் குறைபாடுகள் பல இருந்தன என்பது உண்மையே. எனினும் முதலமைச்சரின் பலம் எங்கிருந்து வருகின்றது என்பதை மக்கள் கண்ணாற் கண்டனர். 1969இல் காங்கிரஸ் பிளவுண்ட பின்னர் இந்திரா காந்தி அம்மையார் மாநிலங்களில் வேரூன்றிய தலைவர்களை ஐயத்துடன் நோக்கலாயினார். 1971இல் பிரமானந்த ரெட்டி விலக, பி.வி. நரசிம்ம ராவ் முதலமைச்சரானார். பன்மொழி அறிஞரான அவரிடம் தமக்கெனக் கோஷ்டி எதுவும் இருக்கவில்லை. மேலிடத்தின் பார்வையில் அதுவே அவரது பெருந் தகுதியாயிற்று எனக் கருத இடமுண்டு.

அதே ஆண்டின் இன்னொரு நிகழ்ச்சி வாக்காளரின் நிலையை இன்னும் தெளிவாகக் காட்டும். 1969இல் தனித் தெலுங்கானா கோரி எழுந்த கிளர்ச்சியின் பயனாகத் தெலுங்கானா பிரஜா சமிதி வலுப்பெற்றது. 1971 பாராளுமன்றத் தேர்தலில் தெலுங்கானாவின் 14 ஆசனங்களுள் 10 அக்கட்சிக்குக் கிடைத்தன. தனி மாநிலம் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான தீர்ப்பினை வாக்குச்சீட்டால் அளித்தல் அரிது. சில மாதங்களுள் அதன் தலைவர் சென்னா ரெட்டி கட்சியைக் காங்கிரசுடன் இணைத்துவிட்டார். வாக்களித்தோரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கிளர்ச்சியில் உயிரிழந்த மாணவரின் ஊர்களில் இவ்விணைப்பு எவ்வாறு ஏற்கப்பட்டிருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. அச்சென்னா ரெட்டியே 1978இல் இந்திரா காங்கிரசின் முதலமைச்சராக மீண்டும் தோன்றினார்.

1978ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்திரா காங்கிரஸ் 294 ஆசனங்களுள் 175ஐப் பெற்றது. முந்திய ஆண்டில் வட இந்தியா முழுவதும் அம்மையாரைக் கைவிட்டபோதும் ஆந்திரம் கைவிடவில்லை. 1977இல் அங்கிருந்த 42 பாராளுமன்ற ஆசனங்களுள் 41 காங்கிரசுக்கே கிட்டின. 1980இல் அம்மையார் மீண்டும் பிரதமரானபோது அவர் தம் வசம் வைத்துக்கொண்டது இம்மாநிலத்தின் மேடக் தொகுதியையே. இத்துணை விசுவாசமாயிருந்த மாநிலமே மேலிடத்தின் அலட்சியத்துக்கு மிகுதியும் ஆளாயிற்று என்பது கவனிக்கத்தக்கது. எக்காலத்திலும் நமக்கே வாக்களிப்பர் என்று ஒரு கட்சி எவரைப் பற்றி எண்ணுகின்றதோ, அவரைப் பற்றி அது கவலைப்படுவதில்லை.

சென்னா ரெட்டிக்கு எதிராகக் கட்சிக்குள்ளேயே அதிருப்தியாளர் கிளர்ந்தனர். டில்லிக்குச் செல்லும் விமானங்களில் அமைச்சரும் சட்டசபை உறுப்பினரும் முறைப்பாடுகளுடன் பயணஞ் செய்தனர். 1980 ஒக்டோபரில் அவர் விலகினார். அவரிடத்துக்கு மத்திய அரசில் அமைச்சராயிருந்த அஞ்சையா அனுப்பப்பட்டார். ஐதராபாத் ஆல்வின் தொழிற்சாலையில் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கித் தொழிற்சங்கத்தினூடாக உயர்ந்தவர் அவர். ஏழை மக்களிடம் அன்பு கொண்டவர் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆயின் கட்சியின் கோஷ்டிகள் அனைத்தையும் திருப்திப்படுத்தும் பொருட்டு அவர் அமைத்த அமைச்சரவையில் 61 பேர் இடம்பெற்றனர். 175 பேருடன் வென்ற கட்சியொன்றில் ஏறத்தாழ மூவருக்கொருவர் அமைச்சர்! இலாகாக்களைப் பங்கிட்டுக் கொடுப்பதே பெரும்பாடாயிற்று. பத்திரிகைகள் எள்ளி நகையாடின. 2003ஆம் ஆண்டின் 91ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அமைச்சர் தொகையைச் சபை உறுப்பினர் தொகையின் நூற்றுக்கு 15 ஆக வரையறுத்தது. அக்கணக்கின்படி ஆந்திரத்தில் 44 பேருக்கு மேல் இருந்திருக்க முடியாது.

1982 பெப்ரவரியில் நிகழ்ந்தது வரலாற்றாசிரியர் பலரும் எடுத்துரைக்கும் நிகழ்ச்சியாகும். பிரதமரின் மகனான ராஜீவ் காந்தி ஐதராபாத்தின் பேகம்பேட் விமான நிலையத்தில் வந்திறங்கினார். அப்போது அவர் சாதாரண பாராளுமன்ற உறுப்பினர் மாத்திரமே. முதலமைச்சர் தம் ஆதரவாளரைப் பெருந்தொகையாகத் திரட்டி ஆரவாரத்துடன் வரவேற்க முற்பட்டார். அவ்வாரவாரம் பிடிக்காத ராஜீவ் பலர் முன்னிலையில் முதலமைச்சரைக் கடிந்துகொண்டார். அம்மாத இறுதிக்குள் அஞ்சையா பதவியிழந்தார். அரசியலமைப்பு முறையில் நோக்கின், சபையின் நம்பிக்கை பெற்ற ஒரு மாநிலத்தின் தலைவர், எப்பதவியும் வகிக்காத ஒருவரின் அதிருப்தியோடு வீழ்ந்தார் எனவே கொள்ளத் தோன்றும். அவரையடுத்து வந்த பவனம் வெங்கடராமி ரெட்டி ஏழு மாதங்களே ஆண்டார். செப்ரெம்பரில் விஜயபாஸ்கர ரெட்டி வந்து சேர்ந்தார்.

இவ்விடைவெளியிலேதான் நந்தமூரி தாரக ராமராவ் அரசியலில் நுழைந்தார். இலங்கைத் தமிழரும் ‘மாயாபஜார்’, ‘கர்ணன்’ ஆகிய திரைப்படங்களின் கண்ணனாக அவரை அறிவர். 1982 மார்ச் 29இல் அவர் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். பழைய செவ்ரோலெட் வண்டியொன்றைச் ‘சைதன்ய ரதம்’ எனப் பெயரிட்டு, மாநிலமெங்கும் சுற்றினார். வண்டியின் கூரையே மேடை. தெலுங்கரின் தன்மானம் டில்லியின் காலடியில் கிடக்கின்றது என்பதே அவரது பேச்சின் உயிர்நாடி. ‘ஈநாடு’ நாளிதழ் அவரது பயணத்தை நாள்தோறும் முதன்மைப்படுத்தி எழுதியது. கிலோ அரிசி இரண்டு ரூபாவுக்கு வழங்கப்படும் என்ற வாக்குறுதியும் உடன் சேர்ந்தது.

1983 ஜனவரித் தேர்தலில் அக்கட்சி ஏறத்தாழ 200 ஆசனங்களை வென்றது. காங்கிரசுக்குக் கிடைத்தவை 60 மாத்திரமே. தோன்றி ஒன்பது மாதமேயான கட்சி, மாநிலம் உருவான நாள் முதல் ஆண்ட கட்சியை வீழ்த்தியது. அதே காலத்தில் அயல் மாநிலமான கர்நாடகமும் காங்கிரசைக் கைவிட்டது. 

இவ்வெற்றியை நடிகரின் கவர்ச்சிக்கு அளிக்கப்பட்ட பரிசு எனத் தள்ளிவிடுவோர் உளர். திரையில் இராமனாகவும் கண்ணனாகவும் தோன்றியவரை மக்கள் தெய்வமெனக் கருதி வாக்களித்தனர் என்பர். இக்கூற்று மக்களை அறிவிலிகளாகக் கொள்வது. 1978இலும் அவர் பெரும் நடிகரே; அன்று அவர் கட்சி தொடங்கியிருப்பின் இவ்வாறு வென்றிருப்பார் எனத் துணிந்து கூறுதல் இயலாது. கரையோர மாவட்டங்களில் பசுமைப் புரட்சியால் வளம்பெற்ற கம்மா வகுப்பினர், ரெட்டிகளின் ஆதிக்கத்திலிருந்த காங்கிரசில் தமக்குரிய இடம் கிடையாதது கண்டு புதிய கட்சியை நாடினர் என்ற விளக்கம் இதனினும் வலுவுடையது. பின்தங்கிய வகுப்பினருக்கும் படித்த இளைஞருக்கும் அக்கட்சி வேட்பாளர் இடம் அளித்ததும் உண்மை. ஆயினும் சாதிக்கணக்கு மட்டும் இருநூறு ஆசனங்களைத் தந்துவிடாது. முதலமைச்சரை மாற்றும் உரிமை தம்மிடமிருந்து நழுவிவிட்டது என்ற எரிச்சல் எல்லா வகுப்பினரிடமும் பரவியிருந்தமையாலேயே தன்மானம் என்ற சொல் அத்துணை விரைவில் பற்றிக்கொண்டது எனல் பொருந்தும்.

அவ்வெரிச்சல் மெய்யானது என்பதற்கு அடுத்த ஆண்டே சான்று கிடைத்தது. 1984 ஓகஸ்ட் 16இல், இருதய சத்திரசிகிச்சை பெற்று அமெரிக்காவிலிருந்து திரும்பியிருந்த ராமராவை ஆளுநர் ராம்லால் பதவி நீக்கி, நாதெண்ட்ல பாஸ்கர ராவை முதலமைச்சராக்கினார். பெரும்பான்மை யாருக்கு என்பதைச் சபையில் பரிசோதிக்க அவர் காத்திருக்கவில்லை. ராமராவ் தம்மை ஆதரித்த உறுப்பினரை டில்லிக்கு அழைத்துச் சென்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறு குடியரசுத் தலைவர் செயில் சிங் முன்னிலையில் நிறுத்தினார். பின்னர் அவர்கள் விலைபோகாதிருக்கும் பொருட்டுக் கர்நாடகத்தில் தங்கவைக்கப்பட்டனர். ஆந்திர வீதிகளில் கிளர்ச்சி மூண்டது. ஆளுநர் விலக நேர்ந்தது. புதிய ஆளுநரான சங்கர் தயாள் சர்மா செப்ரெம்பர் 16இல் ராமராவை மீண்டும் பதவியில் அமர்த்தினார். அவ்வாண்டு டிசெம்பரில் இந்திரா காந்தி கொலையுண்டதால் எழுந்த அனுதாப அலை நாடெங்கும் காங்கிரசை வெற்றிபெறச் செய்தபோது, ஆந்திரம் மட்டும் 42 ஆசனங்களுள் 30ஐத் தெலுங்கு தேசத்துக்கு அளித்தது. ஒரு மாநிலக் கட்சி பாராளுமன்றத்தில் மிகப்பெரிய எதிர்க்கட்சியாயிற்று. ஆளுநரின் விருப்பன்றிச் சபையின் வாக்கெடுப்பே பெரும்பான்மையை நிருணயிக்க வேண்டும் என்ற கோட்பாட்டினை உச்ச நீதிமன்றம் பொம்மை வழக்கில் உறுதி செய்தது 1994இலேயாகும்.

ராமராவின் ஆட்சி கிராம அதிகாரிகளின் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வழங்கும் சட்டத்தை இயற்றியது. எனினும் தன்மானம் பேசிய கட்சிக்குள் தலைவர் ஒருவருக்கன்றி ஏனையோருக்குத் தன்மானம் இருந்ததாகத் தெரியவில்லை. 1989 பெப்ரவரியில் அவர் தமது அமைச்சரவை முழுவதையும் ஒரே நாளில் நீக்கினார். டில்லி மேலிடம் செய்ததை ஐதராபாத்தில் ஒருவரே செய்தார் என்பதன்றி வேறுபாடு யாது? அவ்வாண்டு இறுதியில் மக்கள் அவரையும் தோற்கடித்தனர்.

காங்கிரஸ் பாடம் கற்றதா எனின், இல்லை. 1989இல் மீண்டும் சென்னா ரெட்டி; ஓராண்டு கழிந்து சனார்த்தன ரெட்டி; 1992இல் மீண்டும் விஜயபாஸ்கர ரெட்டி. இரண்டாம் மாற்றம் நிகழ்ந்தபோது பிரதமராயும் கட்சித் தலைவராயும் இருந்தவர், ஒரு காலத்தில் மேலிடத்தால் ஏற்றப்பட்டு 1973இல் குடியரசுத் தலைவர் ஆட்சியோடு பதவியிழந்த அதே நரசிம்ம ராவ். ஆந்திர மக்களுக்கு அவர் மீது பகையிருக்கவில்லை. 1991 நந்தியால் இடைத்தேர்தலில் தெலுங்கர் ஒருவர் பிரதமராகியுள்ளார் என்ற பெருமிதத்தால் தெலுங்கு தேசம் அவரை எதிர்த்து வேட்பாளரையே நிறுத்தவில்லை. இருபது ஆண்டுகளாக உட்கட்சித் தேர்தல் நடத்தாதிருந்த காங்கிரஸ், 1992இல் அதனை நடத்தி முடித்து மாநாடு கூடியதும் ஆந்திரத்தின் திருப்பதியிலேயே. ஆயினும் 1994 டிசெம்பரில் முதலமைச்சர்களை மாற்றிய கட்சிக்குச் சட்டசபையில் எஞ்சியவை 26 ஆசனங்களே.

இருநூறுக்கு மேற்பட்ட ஆசனங்களுடன் ராமராவ் திரும்பி வந்தார். ஒன்பது மாதங்கள் கழிந்து, 1995 ஓகஸ்டில், அவரது மருமகன் சந்திரபாபு நாயுடு உறுப்பினரில் பெரும்பாலோரை ஐதராபாத்தின் வைஸ்ராய் ஹோட்டலில் ஒன்றுகூட்டினார். அவர்கள் புதிய தலைவரைத் தெரிவு செய்தனர். இம்முறை டில்லியிலிருந்து பார்வையாளர் எவரும் வரவில்லை. ஆனால் ராமராவின் பெயருக்கு வாக்களித்த இலட்சக்கணக்கானோர் அச்செய்தியை மறுநாட் காலைப் பத்திரிகையிலேயே அறிந்தனர்.