பழைய காரில் மங்கும் விளக்குகள்: மின்பழுதின் மூலத்தைக் கண்டறிவது எப்படி?

கோலார் தங்கவயல்: புதிய பல்பு பொருத்திய பின்னரும் ஹெட்லைட் மங்கலாகவே எரிவதும், இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து துடிப்பதும், காரணமின்றி ஃபியூஸ் அடிக்கடி எரிந்துபோவதும் பழைய கார்களில் பரவலாகக் காணப்படும் பழுதுகள். பெரும்பாலான நேரங்களில் பழுது பல்பில் இருப்பதில்லை. மின்சாரம் வந்து திரும்பும் பாதையில் இருக்கிறது. ஒரு சோதனை விளக்கும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால், முறையாகத் தேடி அந்த இடத்தைக் கண்டறிந்துவிட முடியும்.

மின்சாரத்தோடு நீண்ட உறவுடைய ஊர் கோலார் தங்கவயல். காவிரியின் சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கி.மீ. தொலைவு கம்பி இழுக்கப்பட்டு, 1902 ஜூன் மாத இறுதியில் இங்குள்ள சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூரு நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 1905இல்தான். அந்த நெடுந்தொலைவு மின்பாதையை அமைத்த பொறியாளர்கள் எதிர்கொண்ட கேள்விக்கும், இன்று ஒரு பழைய அம்பாசடரின் விளக்கு ஏன் மங்குகிறது என்ற கேள்விக்கும் விடை ஒன்றே: கம்பியில் ஓடும் மின்னோட்டம் அதிகமானால், வழியில் ஏற்படும் இழப்பும் அதிகமாகும்.

சிறிய தடை, பெரிய இழப்பு

சிவனசமுத்திரம் பாதையில் மின்னழுத்தத்தை உயர்த்தி, மின்னோட்டத்தைக் குறைத்து இழப்பைக் கட்டுப்படுத்தினர். காரில் அந்த வசதி இல்லை. அங்கு இருப்பது 12 வோல்ட் மட்டுமே. வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பு சுமார் கால் ஆம்பியர் மின்னோட்டத்தையே எடுக்கும். அதே 60 வாட் திறனுள்ள கார் ஹெட்லைட் பல்பு 5 ஆம்பியர் எடுக்கும். இரு ஹெட்லைட்டுகளும் பிரைட்டில் எரியும்போது 10 ஆம்பியர் தேவைப்படுகிறது.

துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.2 ஓம் தடை மட்டுமே இருப்பதாகக் கொண்டால், வீட்டு பல்பில் அதன் விளைவு கண்ணுக்கே தெரியாது. காரின் இரு ஹெட்லைட்டுகளுக்கும் பொதுவான வழியில் அதே தடை இருந்தால், ஏறத்தாழ 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். இழை பல்புகளில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். 2 வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தொலைந்த மின்சாரம் அந்த இணைப்பில் வெப்பமாக மாறுகிறது. விளக்கு சுவிட்ச் சுடுவதற்கும், அதன் பிளாஸ்டிக் உருகுவதற்கும் இதுவே காரணம்.

எந்தெந்த கார்கள்?

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வடிவமைப்பிலிருந்து உருவான இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர் 1958 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்டது. ஃபியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினியும், 1983 டிசம்பரில் அறிமுகமாகி 2014 ஜனவரியில் தயாரிப்பு நிறுத்தப்பட்ட மாருதி 800ம் இன்றும் சாலைகளில் ஓடுகின்றன. இவ்வகைக் கார்களில் மின்சாரம் பேட்டரியிலிருந்து வயர் வழியாகப் பல்புக்குச் செல்கிறது. திரும்பி வருவது காரின் இரும்பு பாடி வழியாகவே. இந்தத் திரும்பும் வழியையே மெக்கானிக்குகள் 'எர்த்' என்கின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல, பாடியில் எர்த் வயர் திருகப்பட்டுள்ள இடத்தில் துரு ஏறுகிறது. அடுத்தடுத்துப் பூசப்பட்ட பெயிண்டும் இடையில் நின்று தடுக்கிறது.

அறிகுறிகள் கூறுவது என்ன?

வயரைப் பிரிக்கும் முன்னர் அறிகுறிகளை வகைப்படுத்துவது தேடலைப் பாதியாகக் குறைக்கும்.

* எல்லா விளக்குகளும் மங்கலாக எரிந்து, எஞ்சின் வேகம் கூடும்போது மட்டும் பிரகாசமானால், பேட்டரி, டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், பேட்டரி முனைகள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

* இரு ஹெட்லைட்டுகளும் மங்கி, மற்ற விளக்குகள் சரியாக எரிந்தால், அவற்றுக்குப் பொதுவான விளக்கு சுவிட்ச், டிம்-பிரைட் சுவிட்ச் அல்லது ரிலேயில் பழுது இருக்கலாம்.

* ஒரு பக்க விளக்கு மட்டும் மங்கினால், அந்தப் பக்கத்து ஹோல்டர் அல்லது எர்த் இணைப்பே முதல் சந்தேகத்துக்குரியது.

* இண்டிகேட்டர் போடும்போது அதே பக்கப் பின்விளக்கும் துடித்தால், அது எர்த் பழுதின் தெளிவான அடையாளம். தன் வழி அடைபட்ட மின்னோட்டம், அடுத்த பல்பின் இழை வழியாகத் திரும்ப முயல்கிறது.

* பள்ளத்தில் இறங்கி ஏறும்போது விளக்கு அணைந்து எரிந்தால், தளர்ந்த இணைப்பு அல்லது உள்ளே அறுந்த வயர் காரணமாகலாம்.

* பல்புகள் அடிக்கடி உயிர்விட்டால், சார்ஜிங் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் பொருத்திய காரில், எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருப்பது இயல்பு. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரில் கோளாறு உள்ளதாகக் கொள்ளலாம்.

விளக்கை எரியவிட்டே அளக்க வேண்டும்

அனுபவமுள்ளவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஹோல்டரிலிருந்து பல்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால், களிம்பேறிய வயரும் முழு 12 வோல்ட்டைக் காட்டும். மின்னோட்டம் ஓடாதபோது தடை தன்னை வெளிப்படுத்துவதில்லை என்பதே இதன் காரணம். 'வோல்ட் சரியாக வருகிறது, பல்புதான் மோசம்' என்ற தவறான முடிவும், தேவையற்ற செலவும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

ஆகவே பல்பைப் பொருத்தி, விளக்கை எரியவிட்ட நிலையில் இரு அளவீடுகளை எடுக்க வேண்டும். முதலாவதாக, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையைப் பல்புக்கு மின்சாரம் வரும் இணைப்பிலும் வைக்க வேண்டும். மீட்டர் காட்டுவது, வரும் வழியில் தொலைந்த வோல்ட். இது அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. இரண்டாவதாக, பல்பின் எர்த் இணைப்புக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அளக்க வேண்டும். இது திரும்பும் வழியின் இழப்பு; 0.2 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது.

எந்தப் பக்கத்தில் இழப்பு அதிகமோ, அந்தப் பக்கத்தில் மட்டும் தேடினால் போதும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியிலேயே நிறுத்தி, மறு முனையை ஃபியூஸ், சுவிட்ச், ரிலே, இணைப்பான் என ஒவ்வொரு கட்டமாக நகர்த்த வேண்டும். எந்த இரு புள்ளிகளுக்கு இடையே அளவு திடீரெனத் தாவுகிறதோ, அங்கேயே பழுது உள்ளது.

எர்த் சந்தேகத்துக்கு எளிய சோதனை ஒன்றும் உண்டு. பல்பின் எர்த் இணைப்பிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குத் தற்காலிகமாக ஒரு தடித்த வயரை இணைத்துப் பார்க்கலாம். விளக்கு உடனே பளிச்சிட்டால் பழைய எர்த்தே குற்றவாளி. அந்த இடத்தைக் கழற்றி, உப்புத்தாள் கொண்டு உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுகத் திருகி, மேலே சிறிது கிரீஸ் பூசினால் போதுமானது.

ஃபியூஸ் எரிந்துகொண்டே இருந்தால்

எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக அதிக ஆம்பியர் ஃபியூஸ் போடுவதும், செப்புக் கம்பியைச் சுற்றுவதும் ஆபத்தானவை. அப்போது ஃபியூஸுக்குப் பதிலாக வயரே சூடாகித் தீப்பற்றக்கூடும்.

மாறாக, அந்த இணைப்பிலுள்ள பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தின் இரு முனைகளிலும் 21 வாட் பல்பு ஒன்றை இணைத்து, விளக்கு சுவிட்சைப் போட வேண்டும். சோதனை பல்பு எரிந்தால், வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது என்று பொருள். பின்னர் இணைப்பான்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். எதைப் பிரித்ததும் சோதனை பல்பு அணைகிறதோ, அதற்கு அப்பாலுள்ள பகுதியில் பழுது உள்ளது. ரப்பர் வளையம் நைந்துபோன தகட்டுத் துளைகள், டிக்கி மூடியின் கீல் பகுதி, ஸ்டீயரிங் தண்டின் அடிப்பகுதி, பிற்காலத்தில் கூடுதலாக இழுக்கப்பட்ட வயர்கள் ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

வண்ணங்கள் வழிகாட்டும்

பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்களில் லூகாஸ் வண்ண முறை பின்பற்றப்பட்டது. அதன்படி பழுப்பு பேட்டரியிலிருந்து நேரடியாக வரும் வயர், நீலம் ஹெட்லைட், நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம், சிவப்பு பார்க்கிங் மற்றும் பின்விளக்கு, பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது இண்டிகேட்டர், கறுப்பு எர்த். எனினும் பல கைகள் மாறிய காரில் இடையில் வேறு வண்ண வயர்கள் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதால், வண்ணத்தை மட்டும் நம்பாமல் மீட்டரால் உறுதிப்படுத்துவது அவசியம். இத்தகைய கார்கள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே பாடியுடன் இணைக்கப்பட்டிருக்கும். அதைக் கவனித்த பின்னரே சோதனையைத் தொடங்க வேண்டும்.

ரிலே பயன் தரும், அதிக வாட் பல்பு தராது

பல பழைய கார்களில் ஹெட்லைட்டுக்கான முழு மின்னோட்டமும் சுவிட்ச் வழியாகவே செல்கிறது. பேட்டரியிலிருந்து ஃபியூஸுடன் கூடிய தடித்த வயரை இழுத்து, ரிலே பொருத்தினால், சுவிட்ச் மிகச் சிறிய மின்னோட்டத்தை மட்டும் தாங்கும்; விளக்குக்குக் கிட்டத்தட்ட முழு வோல்ட்டும் கிடைக்கும். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பைப் பொருத்துவது, ஏற்கெனவே தளர்ந்த பாதையில் மின்னோட்டத்தை மேலும் கூட்டுவதாகும். ஹாலஜன் பல்புக்கு வடிவமைக்கப்பட்ட கூட்டில் எல்இடி பல்பைப் பொருத்தினால், ஒளி சிதறி எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு விளக்குகள் எரிய வேண்டும் என்றும், பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்றும் கூறுகின்றன. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆய்வில் தேறினால் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். 15 ஆண்டு கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்குப் பின்னர் மேலும் உயர்த்தப்பட்டது. எரியாத ஒரு விளக்கு இந்த ஆய்வில் காரைத் தடுத்து நிறுத்தப் போதுமானது.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்ட பின்னர், இங்கிருந்து நாள்தோறும் வேலைக்காகப் பெங்களூருக்குச் சென்று இருட்டிய பின் வீடு திரும்புவோர் ஏராளம். அவர்களை எதிர்கொள்ளும் சாலைகளில் ஓடும் பழைய கார் ஒன்றின் பின்விளக்கு எரிகிறதா, இல்லையா என்பது அதன் உரிமையாளரை மட்டும் பொறுத்த விஷயம் அல்ல. பயணத்துக்கு முன் காரைச் சுவரருகே நிறுத்தி, ஒவ்வொரு விளக்கையும் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடங்களே தேவை என்பது குறிப்பிடத்தக்கது.