தூக்க மூலிகை சர்ப்பகந்தியின் வரலாறு

சர்ப்பகந்தி, அலரிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. இதன் கசப்பான வேர் பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் சித்தப்பிரமைக்கும் இந்திய நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கப்பட்டது. பீகாரில் 'பைத்தியத்துக்கு மருந்து' என்ற பெயரிலேயே வேர்ப்பொடி விற்றது. பாம்புக்கடி பற்றிய நம்பிக்கை, வளைந்து நெளிந்த வேரின் தோற்றத்தால் வந்திருக்கலாம். தூக்கத்தைப் பொறுத்தவரை நாட்டு வைத்தியர்கள் தவறவில்லை.

1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர், இவ்வேர் மனநோயாளரை அமைதிப்படுத்தித் தூங்கவைப்பதோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினர். அதே ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து ஒரு காரப்போலியைப் பிரித்து, ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். இந்திய இதழ்களில் வந்த இச்செய்திகளை மேலைநாடுகள் ஏறக்குறைய கவனிக்கவில்லை. 1949இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்த அழுத்த நோயாளர் 50 பேரிடம் கண்ட பயனைப் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகே நிலை மாறியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் 'ரெசர்பின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். 1954இல் நேத்தன் கிளைன் அதை அமெரிக்க மனநோயாளரிடம் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார்.

அமைதி தந்த மருந்தே சிலரைத் துயரத்தில் தள்ளியதாகவும் 1950களில் செய்திகள் வந்தன. அழுத்தத்துக்காக அதை உண்டவர்களில் சிலர் கடும் மனச்சோர்வுக்கு உள்ளாயினர். ரெசர்பின் மூளையில் செரட்டோனினைக் குறைப்பதை 1955இல் பிராடி குழுவினர் காட்டினர். மனச்சோர்வை மூளை வேதிப்பொருள்களின் குறையாகப் பார்க்கும் கருத்து வளர இது பெரிதும் உதவியது. ரெசர்பினே சோர்வுக்குக் காரணமா என்பதில் பிற்கால ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். ஆயினும் 'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்று விற்கப்படும் தூக்கப் பொடிகளை வாங்குவோர் இக்கதையை அறிந்திருப்பது நல்லது. இரத்த அழுத்த மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் இவ்வேரைத் தொடவே கூடாது.

செடிக்கும் கேடு வந்தது. மருந்து வேரில் இருப்பதால் செடியைப் பிடுங்கியே எடுக்க வேண்டும். காட்டுச் செடிகள் அருகியதால், 1990இல் அழியும் நிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சர்ப்பகந்தி சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் காணப்படும் பாம்புக்களா இதன் நெருங்கிய உறவு. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. அதன் வேரிலும் ரெசர்பின் உண்டு. சந்தையில் சர்ப்பகந்தி வேரோடு கலக்கப்படும் சரக்குகளில் அதுவும் ஒன்று.